பின்பக்கமாகப் பார்த்த லிஸ்பன்

லிஸ்பனில் ஆட்டோ ஓடுகிறது என்று மனைவி சொன்னபோது அம்மா நம்பவில்லை. "வெள்ளைக்காரன் ஊருல ஆட்டோவா? போட்டோ எடுக்கதுக்கு நிப்பாட்டி வச்சிருப்பான்" என்றார்.

2023 மே மாதம் அது. ஜெர்மனியில் எங்களோடு இரண்டு மாதம் இருக்கலாம் என்று தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மாவை மூன்று நாளைக்குப் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்குக் கூட்டிப் போனோம். ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ஊர் என்று படித்திருந்தேன். முதல் நாள் அந்த ஏழில் ஏதோ ஒன்றின் பாதியில், முன்பின் தெரியாத யார் வீட்டு வாசற்படியிலோ அம்மா உட்கார்ந்துவிட்டார். "நீங்க மேல போயி பாத்துட்டு வாங்க. வீட்டுக்காரங்க கேட்டா நான் பேசிக்கிடுதேன்." அவர் மேல் தப்பில்லை. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்திருக்கிறார்கள். பல தலைமுறைச் செருப்புகள் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்டது. மழை பெய்ய வேண்டும் என்றில்லை, மேகம் கூடினாலே வழுக்கும்.

ஆக, மறுநாள் ஆட்டோ.

அந்த ஊரில் அதற்கு டுக்-டுக் என்று பெயர். ஊரின் நடுவில் ஒரு சதுக்கத்தின் ஓரமாக வரிசையாக நின்றன. நம் ஊர் ஸ்டாண்டு போலவே ஓட்டுநர்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு வண்டியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஏல, இது ஆப்பேல்லா! மார்க்கெட்டுல வாழைத்தாரு ஏத்திட்டுப் போறது!" அதேதான். 1948இல் இத்தாலியில் பிறந்த பியாஜியோ வண்டி. ஆப்பே என்றால் இத்தாலிய மொழியில் தேனீயாம். நம் பக்கம் ஓடுவது மகாராஷ்டிரத்தின் பாராமதியில் செய்தது. இங்கே அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்து, சீட்டுக்குச் சிவப்புத் தோல் போட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போவது போல நிறுத்தியிருந்தார்கள்.

எங்களுக்கு வாய்த்தது பேட்டரியில் ஓடும் வேறொரு வண்டி. ஓட்டுநர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். நல்ல ஆங்கிலம். ஒன்றரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்றார்.

"நம்ம காசுக்கு எம்புட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "எட்டாயிரம் வரும் அத்தை" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"எட்டாயிரமா! வண்டிய நம்மகிட்டயே குடுத்துருவாளாமா?"

அம்மா 45இல் ஆரம்பித்தார். தமிழில்தான். விரலைக் காட்டித்தான். அந்தப் பெண்ணும் சளைக்காமல் விரல் காட்டினார். இரண்டு முறை நாங்கள் போவதுபோல் நடந்தோம், இரண்டு முறையும் அவர் கூப்பிடவில்லை, நாங்களாகவே திரும்பி வந்தோம். கடைசியில் 80. அம்மாவுக்கு வெற்றி. பத்து யூரோ மிச்சத்தை ரூபாயில் கணக்குப் பார்த்துப் பூரித்துப்போய் ஏறினார்.

வண்டியில் இரண்டு இருக்கை. ஒன்று முன்பக்கம் பார்த்தது, அதில் அம்மாவும் மனைவியும். இன்னொன்று அதற்கு முதுகு கொடுத்துப் பின்பக்கம் பார்த்தது. அதில் நான், என் மடியில் ஒரு போர்வை. குளிருக்காக வண்டியிலேயே வைத்திருந்தார்கள்.

பின்பக்கம் பார்த்து ஊர் சுற்றுவதில் உள்ள சங்கடம் வண்டி கிளம்பிய இரண்டாவது நிமிடமே புரிந்துவிட்டது. "இதோ உங்களுக்கு முன்னால்" என்று அவர் சொல்வார். எனக்கு முன்னால் ஒரு குப்பைத்தொட்டி இருக்கும். "ஆகா" என்று முன்சீட்டில் சத்தம் வரும். அரை நிமிடம் கழித்து அந்த ஆகாவின் முதுகு என்னைக் கடந்து போகும். ஊரே சிரித்து முடித்த பிறகு நகைச்சுவை புரிந்தவன் மாதிரி நான் தனியாக ஆகா என்பேன்.

ஆனால் ஆற்றங்கரைப் பெரிய சதுக்கத்தில் என் சீட்டுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அகஸ்டா வீதியின் வளைவைத் தாண்டி வண்டி ஆற்றை நோக்கிப் போக, வளைவு முழுவதையும் நிதானமாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அங்கேதான் வண்டியை நிறுத்தி நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். 1755 நவம்பர் 1. சகல புனிதர் திருநாள். ஊரே காலைப் பூசையில் இருந்தபோது பூமி ஆடியிருக்கிறது. இடிபாட்டுக்குத் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடி வந்தவர்களை அலை கொண்டுபோய்விட்டது. பீடத்து மெழுகுவர்த்தியும் வீட்டு அடுப்பும் பற்றவைத்த தீ பல நாள் எரிந்தது. மனைவி தமிழில் சொல்லச் சொல்ல அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வேளாங்கண்ணிலயும் கோயிலுக்கு வந்த சனந்தான் பாவம். அன்னைக்கு ஞாயித்துக்கெழம காலைல" என்றார். 2004ஐப் பற்றி அவராகப் பேசி நான் கேட்டதில்லை.

ஊரை மறுபடி கட்டியது பொம்பால் பிரபு. நேர்கோட்டுத் தெருக்கள், சுவருக்குள்ளே மரச்சட்டத்தால் கூண்டு. அந்தக் கூண்டு தாங்குமா என்று பார்க்க, மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிச் சிப்பாய்களைக் கால் உதைத்து அணிவகுக்க வைத்தார்களாம். "நம்ம வீட்டு மொட்டமாடிக்கு அந்தக் காண்ட்ராக்டரையே குதிக்கச் சொல்லிருக்கணும்" என்றார் அம்மா. பழைய அம்மா திரும்பி வந்துவிட்டார்.

அங்கிருந்து மேடு. அன்று செவ்வாய்க்கிழமை என்பதால் சாந்தா கிளாரா திடலில் பழைய சாமான் சந்தை. செவ்வாயும் சனியும் கூடுவது. பெயருக்குத் திருடியின் சந்தை என்று பொருள் சொல்கிறார்கள். பித்தளைப் பூட்டு, ஒற்றைக் காதணி, யார் வீட்டுத் தாத்தாவின் படமோ எல்லாம் தரையில் கிடந்தன. பக்கத்திலேயே வெள்ளைக் குவிமாடத்தோடு தேசிய நினைவாலயம். சாந்தா எங்கிராசியா கோயிலாகக் கட்டத் தொடங்கியது 1682இல், முடிந்தது 1966இல். முடியாமல் இழுக்கும் எந்த வேலையையும் அந்த ஊரில் 'சாந்தா எங்கிராசியா வேலை' என்றே சொல்வார்களாம். உள்ளே வாஸ்கோடகாமாவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது என்றதும் அம்மா, "மிளகு வாங்க வந்தவருதான? அவரும் பேரம் பேசித்தான வாங்கிருப்பாரு" என்று 80 யூரோவுக்கு வரலாற்று ஆதாரம் தேடிக்கொண்டார்.

அதற்கும் மேலே செஞ்யோரா தோ மோன்தே. உச்சிக் குன்று. கோட்டை, செங்கல் நிறக் கூரைகள், ஆறு, தொங்குபாலம், அக்கரையில் கை விரித்து நிற்கும் கிறிஸ்து அரசர் எல்லாம் ஒரே வீச்சில் தெரிந்தன. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அங்கே ஒரு சின்னக் கோயில். உள்ளே இருக்கும் கல் நாற்காலியில் உட்கார்ந்தால் கர்ப்பிணிகளுக்குச் சுகப்பிரசவம் ஆகும் என்பது பழைய நம்பிக்கை என்றார் ஓட்டுநர். அம்மா என் மனைவியைப் பார்த்தார். மனைவி ஆற்றைப் பார்த்தாள். நான் பார்க்க வேண்டிய திசை எது என்று தெரியாமல் போட்டோ எடுக்கலாம் என்றேன்.

கதை இங்கேதான் திரும்புகிறது. போட்டோவில் கண்ணாடி போட்டால் வயதாகத் தெரியும் என்பது அம்மாவின் கொள்கை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாரு வைத்த சின்னத் துணிப்பையில் போட்டு, பையை எங்கோ வைத்துவிட்டு வந்து நின்றார். படம் எடுத்தோம். கிளம்பினோம்.

கிளம்பும்போது ஓட்டுநர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு "ஷாவ், ஷாவ்" என்று முணுமுணுத்தார். "சாவியத் தேடுதா போல" என்றார் அம்மா. சாவியேதான்! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திகைத்துப் பார்த்தார்கள். அப்புறம் வழியெல்லாம் அதே விளையாட்டு. அவர் ஒரு வீட்டின் ஜன்னலைக் காட்டி ஜனெலா என்பார், அம்மா ஜன்னல் என்பார். பால்கனியைக் காட்டி வராந்தா. அதில் காயும் துண்டைக் காட்டித் துவாலை மாதிரி ஏதோ ஒன்று. மேசை, அலமாரி, பீப்பாய் என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை, ஆனால் சாவியைத் தந்த வீட்டிலேயே போய்ச் சாவியைக் கேட்பது ஒரு சுகம்தான். 1554இல் இதே லிஸ்பனில் தமிழ்–போர்ச்சுகீசிய ஞானோபதேசச் சுவடி ஒன்றை அச்சடித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து வார்க்கவில்லை, ரோமன் எழுத்திலேயே தமிழை அடித்துவிட்டார்கள். வாட்ஸப்பில் 'eppadi irukka' வகையில் நாம் எழுதுவதற்கு நானூற்றைம்பது ஆண்டு முன்னோடி.

இந்த விளையாட்டில் எனக்கு இடமில்லை. எனக்கு வாய்த்த துணை 28ஆம் எண் ட்ராம். 1930களில் செய்த ஒற்றைப் பெட்டி மஞ்சள் வண்டி. இரண்டு பக்கச் சுவரும் உரசும் சந்துகளில் எங்கள் பின்னாலேயே இறங்கி வந்தது. நிறுத்தத்தில் நின்றாலும் அடுத்த வளைவில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் ஓட்டுநருக்கும் எனக்கும் நடுவே பத்தடி. நேருக்கு நேர். அந்த ஊரில் ட்ராம் ஓட்டுபவரை 'பிரேக் காவலர்' என்று பொருள்படும் பேரில் அழைக்கிறார்கள். அந்தச் சரிவைப் பார்த்தால் பொருத்தம்தான்.

நல்ல மனிதர். மணி அடித்தார். நான் கை அசைத்தேன். அவர் கீழே கை காட்டினார். நான் என் புது ஷூவைப் பார்க்கிறார் போல என்று காலைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி மணி. இரண்டு கையையும் விட்டு ஏதோ அபிநயம் பிடித்தார். ஐரோப்பாவில் இவ்வளவு பாசமான ஆளா என்று நெகிழ்ந்து, கைகூப்பி ஒரு வணக்கமும் வைத்தேன். போட்டோவும் எடுத்துத் தள்ளினேன்.

போர்த்தாஸ் தோ சோல் முனையில் வண்டி நிறுத்த இடமில்லை. மெதுவாக உருட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் எங்கள் ஓட்டுநர். அப்போதுதான் அம்மாவுக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது. மடி, இருக்கை, மனைவியின் கைப்பை, போர்வை என்று தேடியும் இல்லை.

"ஏல, நீ பின்னால பாத்துக்கிட்டுத்தான வந்த? விழுந்தது தெரியலயா?"

"விழலம்மா."

"அப்ப என்னத்தப் பாத்த இவ்வளவு நேரம்?"

பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? நான் ட்ராமைப் பார்த்தேன். ட்ராம் மணி அடித்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "பதுவைப் பதியரே, அந்தோணியாரே, இன்னைக்கு ஒம்ம செவ்வாக்கெழம. கண்ணாடி கெடச்சா பத்து மெழுகுதிரி."

அந்தோணி என்ற சொல் காதில் விழுந்ததும் ஓட்டுநர் உற்சாகமாகிவிட்டார். மனைவி மொழிபெயர்த்த 'பதுவை' காதில் விழுந்ததும் அந்த உற்சாகம் வேறு மாதிரி ஆனது. "பதுவா இல்லை, லிஸ்பன்! எங்கள் ஊர்ப் பிள்ளை அவர். 1195இல் இங்கேதான் பிறந்தார். இத்தாலியின் பதுவைக்குப் போய் இறந்துபோனார், அவ்வளவுதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஃபெர்னாந்து."

அம்மா கண்ணைத் திறந்தார். "பர்னாந்தா?"

எங்கள் தெருவில் கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு பர்னாந்து வீட்டு ஓட்டில்தான் விழும். அம்மாவின் தாய்வீடே பர்னாந்து. "அப்ப நம்ம ஆளுல்லா!" என்றார். வேண்டுதலின் குரலே மாறிவிட்டது. அதுவரை மனு போட்டது போல இருந்தது, இப்போது சொந்தக்காரப் பையனிடம் வேலை சொல்வது போல.

பேராலயத்தைத் தாண்டிய சரிவில் ஒரு வேன்காரர் நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில் இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி நின்றது. பின்னால் ட்ராம் நின்றது. பிரேக் காவலர் கதவைத் திறந்து இறங்கி நேராக என்னை நோக்கி வந்தார். கை குலுக்கத்தான் வருகிறார் என்று போர்வையை விலக்கி எழுந்தேன். அவர் என் கையைக் கண்டுகொள்ளவில்லை. குனிந்து, என் காலடிப் பலகைக்குக் கீழே வண்டியின் பின் கொக்கியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்த துணிப்பையை எடுத்து, என்னைத் தாண்டி அம்மாவிடம் நீட்டினார். அம்மா போட்டோவுக்காக மாட்டியது. குன்று உச்சியிலிருந்து தரையை உரசி உரசி வந்திருக்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. போகும்போது என்னிடம் இரண்டு வாக்கியம் போர்ச்சுகீசியத்தில் சொன்னார். ஓட்டுநர் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மா நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு கோயில். "இதுதான்" என்றார் ஓட்டுநர். அந்தோணியார் பிறந்த இடம் என்று சொல்லப்படுகிற இடத்தில், நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி எழுப்பிய கோயில். பத்து மெழுகுதிரிக்கு உண்டான காசை உண்டியலில் போட்டு, அம்மா முழங்கால் படியிட்டார். முந்தின நாள் வாசற்படியில் உட்கார்ந்த அதே முழங்கால். வெளியே வர இருபது நிமிடம். ஓட்டுநர் கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் என் விலாவில் இடித்து, "அந்தப் பத்தையும் சேத்துக் குடுத்துரு, பாவம்" என்றார்.

ராத்திரி அறையில் மனைவி என் போனை வாங்கிப் படம் பார்த்தாள். கோட்டை எங்கே என்றாள். இல்லை. பேராலயம்? அதன் பின்சுவர் கொஞ்சம். மற்றபடி 28ஆம் எண் ட்ராம் முப்பத்தொரு படத்தில் இருந்தது. அதில் பதினாறில் அந்த மனிதர் கீழே கை காட்டிக்கொண்டிருந்தார்.