சத்தம் போடாத கப்பல்

வேற்றுக்கிரகக்காரர் வன்னியில் வந்து இறங்குவதாக 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆட்கள் நான், மச்சான், தங்கச்சி. கமரா என் கைபேசிதான். முக்கியமான காட்சிகள் இரணைமடுக் குளக்கட்டில். இதுவரை 7,200 ரூபா முடிந்திருக்கிறது, அதில் பாதிக்கு மேல் மைக்குக்கே போய்விட்டது.

அவர்கள் வந்து இறங்கும் விண்கப்பலை ரெஜிபோமில், அதாவது பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகையில் வெட்டினோம், 60 சென்ரிமீற்றர் அகலம். அடிப்பக்கத்தில் அம்மாவின் பழைய இடியப்பத் தட்டுகளை ஒட்டிச் சாம்பல் நிறம் அடித்ததும், அந்தப் பின்னல் அப்படியே இயந்திரத் தகடுபோல ஆகிவிட்டது. தங்கூசியில், அதாவது மெல்லிய நைலோன் நூலில் கட்டி, நீளத் தடியில் தொங்கவிட்டு, கமராவுக்குக் கிட்டப் பிடித்தால் குளத்துக்கு மேலே பெரிதாக நிற்கும். கைபேசியின் சென்சர் சின்னது என்பதால் கிட்ட இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே நேரத்தில் தெளிவாக விழும். பெரிய கமராவில் இது இவ்வளவு லேசில் வராது.

ஆனால் ஆவணியில் எடுத்த முதல் காட்சிகள் எல்லாம் வீண். கச்சான் காற்றில் கப்பல் கோயில் தோரணம்போல ஆடியது. சின்னப் பொருள் வெடுக்கென்று ஆடும், பெரிய பொருள் ஆறுதலாகத்தான் ஆடும். கண் அதை உடனே பிடித்துவிடும். அப்புறம் செக்கனுக்கு 120 பிரேமில் (120 தனிப்படங்களாக) எடுத்து, செக்கனுக்கு 24 இல் ஓட்டிப் பார்த்தோம். அசைவு ஐந்து மடங்கு மெதுவாகியது. கணக்கு என்னவென்றால், ஆடும் நேரம் ஐந்து மடங்கானால் பொருளின் அளவு ஐந்தின் வர்க்கம், அதாவது 25 மடங்கு பெரிதாக இருப்பதுபோலத் தெரியும். எங்கள் 60 சென்ரிமீற்றர் 15 மீற்றர் ஆனது. அதே கச்சான்தான், ஆனால் இப்போது கப்பலில் பாரம் தெரிந்தது. இப்படி எடுக்க வெளிச்சம் நிறைய வேண்டும், நல்ல வெயில் நேரமாகப் பார்த்து எடுங்கள்.

சத்தத்தில்தான் நான் பிழை விட்டேன். தையல் மெசின் மோட்டரின் இரைச்சலைப் பதிந்து, மெதுவாக்கி, ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"தம்பி, வண்டே சுத்துது?"

யுத்த காலத்தில் வேவு பார்க்க வந்த ஆளில்லா விமானத்தை இங்கே வண்டு என்றுதான் சொல்வார்கள். அது சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று 2009 வரை வன்னியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்றே அந்தப் பதிவை அழித்தேன். எங்கள் படத்தை முதலில் பார்க்கப்போவது இந்த ஊர்ச் சனம்தான். வானத்தில் இரைச்சல் போட்டு அவர்களைப் பயப்படுத்த எனக்கு மனமில்லை.

சரி, கப்பலுக்குச் சத்தமே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அது வரும்போது ஊரின் சத்தம் நிற்கட்டும். மாரி தொடங்கியதும் இரவில் வயல் வரம்பில் மைக்கை வைத்துத் தவளைகளைப் பதிந்தோம். பிறகு நான் வரம்பில் நாலு அடி நடந்தேன். சடாரென்று எல்லாம் அடங்கின, கொஞ்சம் கழித்து ஒன்றொன்றாகத் தொடங்கின. அந்த இடைவெளியைத்தான் படத்தில் வைத்திருக்கிறோம். வெறும் மௌனத்தை ஒட்டினால் ஸ்பீக்கர் பழுதானதுபோல இருக்கும். காற்றும் தண்ணீரும் லேசாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "தவளை ஏன் நிண்டிட்டுது? பாம்போ?" என்று கேட்டு, திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

இறங்கும் காட்சி மிச்சம் இருக்கிறது. வயலில் இப்போது தண்ணீர் நிற்கிறது, அரிவு வெட்டு முடிந்த பிறகுதான் எடுக்கலாம்.