அக்ராவில் ஒரு பர்மா

கானாவின் தலைநகர் அக்ராவில் ஊருக்குள் சுற்ற ட்ரோட்ரோதான் வசதி. நம்மூர் மினிபஸ் மாதிரி ஒரு வேன். கண்டக்டரை 'மேட்' என்கிறார்கள். கதவில் தொங்கியபடி வந்த ஒரு மேட், "பர்மா கேம்ப், பர்மா கேம்ப்" என்று கூவியதும் தூக்கிவாரிப்போட்டது எனக்கு. என் பாட்டியின் அண்ணன் 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அந்தப் பெயருக்குக் கானாவில் என்ன வேலை?

பர்மா கேம்ப் கானா ராணுவத்தின் தலைமையகம். இரண்டாம் உலகப்போரில், அப்போது கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இந்த நாட்டிலிருந்து 65,000 பேர் வரை பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் 81, 82-ஆவது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன்களில் பர்மாவின் அரக்கான் காடுகளுக்குப் போனார்கள். அந்த நினைவில்தான் முகாமுக்கு இந்தப் பெயர். கலாடன் பள்ளத்தாக்கில் சாலையே கிடையாது. விமானம் போட்ட மூட்டைகளைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டுதான் முன்னேறினார்கள். வெள்ளைக்காரனும் பசிக்கும் காய்ச்சலுக்கும் சுருண்டு விழுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இவர்கள். ஊர் திரும்பிய பிறகு அவனைப் பழைய பயத்தோடு எப்படிப் பார்க்க முடியும்?

1941-ல் சர்ச்சிலும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், எல்லா மக்களுக்கும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது. சர்ச்சிலோ அது ஹிட்லர் பிடித்த ஐரோப்பிய நாடுகளுக்குத்தான் என்றார். திரும்பி வந்த சிப்பாய்களுக்கு வேலையும் இல்லை, சொன்னபடி உதவித்தொகையும் இல்லை. விலைவாசியோ எகிறிக் கிடந்தது.

மறுநாள் காலை கடற்கரையை ஒட்டிப் போகும் பிப்ரவரி 28 சாலையில் நடந்தேன். தேதியே சாலைக்குப் பெயர். 1948-ல் அந்த நாளில் முன்னாள் சிப்பாய்கள் சுமார் 2,000 பேர், ஆளுநரிடம் மனு கொடுக்க அவர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கிப் போனார்கள். ஆயுதம் எதுவும் இல்லை. நாற்சந்தியில் போலீஸ் மறித்தது. அதிகாரி இம்ரே சுட உத்தரவிட்டும் காவலர்கள் தயங்கியதால், ஒரு காவலரின் துப்பாக்கியை வாங்கி அவரே சுட்டார். சார்ஜன்ட் அட்ஜேடே, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஓடார்டே லாம்ப்டே மூவரும் செத்து விழுந்தார்கள். பர்மாவில் தப்பிய உயிர், சொந்த ஊர் வீதியில் போனது. இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

அன்றே அக்ரா பற்றி எரிந்தது. கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. பின்னாளில் கானாவின் முதல் பிரதமரான நக்ருமா உட்பட ஆறு தலைவர்களைக் கைது செய்தார்கள். விசாரிக்க பிரிட்டிஷ் அரசு அனுப்பிய வாட்சன் குழுவே, பழைய அரசியல் அமைப்பு இனி உதவாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1951 தேர்தலில் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் இருந்தபடியே நக்ருமா ஜெயித்தார். 1957 மார்ச் 6 அன்று நாட்டுக்கு விடுதலை.

நாற்சந்தி நினைவுச்சின்னத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று இங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். பிறகு, அவர்களால் அன்று போக முடியாமல் போன மீதித் தூரத்தைக் கோட்டை வரை நடந்து பார்த்தேன். அதிக தூரமில்லை.