அப்பாவின் மாருதி 800, பந்தயத் தடத்தில்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒன்பது ஆண்டுகளாகத் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்த அப்பாவின் மாருதி 800-ஐ வார இறுதிப் பந்தயங்களுக்காகத் தயார்செய்ய முடிவெடுத்தபோது, எல்லோரையும் போல எஞ்சினிலிருந்து தொடங்கத்தான் எனக்கும் ஆசை. பட்டறைக்கு இழுத்துச் சென்றதும் மெக்கானிக் அண்ணன், "எஞ்சின் எங்கயும் ஓடிப் போயிடாது தம்பி, மொதல்ல அடித்தகட்டப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலிருந்த விரிப்பைத் தூக்கித் திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினார். தகடு அப்பளம்போல் நொறுங்கியது; அந்த ஓட்டை வழியே பட்டறையின் சிமென்ட் தரை தெரிந்தது.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காற்றே ஈரமாக இருக்கும் ஊரில், விரிப்புக்கும் அதன் கீழுள்ள தார்ப் படலத்துக்கும் இடையில் புகுந்த நீர் வெளியேற வழியே இல்லை. இருக்கையையும் பெல்ட்டையும் தாங்கும் அந்தத் தகடு உறுதியாக இல்லாத காரில் வேறு எந்த வேலையைச் செய்தாலும் அது வீண் என்பதால், கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு டிங்கரிங்குக்கே போனது. மெல்லிய தகடு வளைந்துவிடாதபடி, கேஸ் வெல்டிங்கைத் தவிர்த்து, சூடு அதிகம் பரவாத சி.ஓ. டூ வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தும் மின்வெல்டிங்) துண்டு துண்டாகப் பற்றவைத்தோம்.

இவ்வளவு சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன பந்தயம் என்று கேட்பவர்களுக்கு நான் கரிவர்தனின் பெயரைத்தான் சொல்வேன். கோவையைச் சேர்ந்த அந்தப் பந்தய வீரர் இதே 796 சிசி எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார்; பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதி வகைப் பந்தயத்தில்தான். 1995-இல் மறைந்த கரிவர்தனின் பெயரைத்தான் 2003-இல் திறக்கப்பட்ட கோவைப் பந்தயத் தடம் தாங்கி நிற்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே எங்கள் கார் இப்போது சாலையில் ஓடுவதே இல்லை. நெல் மூட்டை ஏற்றும் பதினான்கு அடி லாரியில் பலகை சாய்த்து ஏற்றி, கயிறு கட்டித்தான் கோவைக்குக் கொண்டுபோகிறோம்.

செலவில்லாமல் கிடைத்த பெரிய லாபம் எடைக் குறைப்பு. பின்னிருக்கை, விரிப்பு, கதவின் உள்பலகை, ஒலியைத் தடுக்கும் தார்ப் படலம், கூடுதல் சக்கரம் ஆகியவற்றைக் கழற்றுவதற்கு முன்பும் பின்பும் அரிசி ஆலையின் எடைமேடையில் காரை நிறுத்திப் பார்த்தோம். 640 கிலோ இருந்தது 570 ஆகியிருந்தது. ஓட்டுபவரின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், 710 கிலோவை இழுத்த எஞ்சின் இனி 640 கிலோவை இழுத்தால் போதும்; சுமார் 37 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சினைப் பொறுத்தவரை, இது நான்கு குதிரைத்திறனைக் கூட்டியதற்குச் சமம். எஞ்சினில் கை வைத்து அதே நான்கைப் பெறுவதற்கு ஆகும் செலவைக் கேட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். கூட்ட வேண்டிய எடையும் உண்டு: தண்ணீர்க் குழாய் போட்டு ஒப்பேற்றாமல் சீம்லெஸ் (நீளவாட்டில் இணைப்பே இல்லாத) எஃகுக் குழாயில் செய்த பாதுகாப்புக் கூண்டு, நான்கு முனை பெல்ட், தீயணைப்பான். இவற்றில் ஒரு கிலோவைக்கூட நான் குறைக்க மாட்டேன்.

பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்கு நல்ல பிடிப்புள்ள டயர் கிடைப்பது அரிது என்பதால், மாருதி ஜென் காரின் 13 அங்குலச் சக்கரங்களையும் 155/65 டயர்களையும் (அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம்) போட்டோம். பழைய 145/70 டயரைவிட இதன் விட்டம் 4.7 சதவீதம் கூடுதல். எனவே எல்லா கியரும் சற்று நீண்டுவிடும், கிளம்பும் வேகமும் கொஞ்சம் மந்தப்படும். வளைவில் கிடைக்கும் பிடிப்பு அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாதீர்கள். கேஸ் கட்டரால் வெட்டினால் அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும், சக்கரம் ஏறி இறங்கும் இடமும் குறைந்துபோகும்.

எஞ்சின் வேலையைச் செய்தவர் எங்கள் பகுதியில் பம்ப்செட் எஞ்சின்களின் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தும் (போர் போடும்) லேத் பட்டறைக்காரர். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் பெரிதான (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டதில் 796 சிசி ஏறத்தாழ 808 ஆனது. அது பெரிய வித்தியாசமில்லை. நான் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்தது வேறொரு வேலை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றித் தலைகீழாக வைத்து, வால்வுகளைப் பொருத்தி, ஒவ்வொரு எரியறையின் வாயையும் துளையிட்ட அக்ரிலிக் தகட்டால் கிரீஸ் தடவி மூடினேன். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சால், காற்றுக் குமிழி இல்லாமல் மண்ணெண்ணெயை நிரப்பி ஒவ்வொரு அறையின் கொள்ளளவையும் அளந்தேன். மூன்று அறைகளில் ஒன்று மற்ற இரண்டையும்விட ஒரு மில்லிலிட்டருக்கு மேல் சிறியதாக இருந்தது. அதை மெல்லத் தேய்த்துத் தேய்த்து மூன்றையும் சமமாக்கிய பிறகு எஞ்சின் ஐடிலில் நின்ற நிதானத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, பழைய ரப்பர் குழாய்களை முழுவதும் மாற்றினோம்.

இவ்வளவும் செய்துவிட்டு, முதல் முறை கோவையில் ஓடியபோது நான்காவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. இரண்டு முறை அழுத்தி விட்டு, மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கி, தடத்துக்கு வெளியே மண்ணில் இறங்கித்தான் கார் நின்றது. தவறு என்னுடையது. ஐப்பசி மழைக்கு முன்பே திறந்து, பாதி தீர்ந்த நிலையில் பரணில் வைத்திருந்த டாட் 3 தர பிரேக் ஆயிலைத்தான் ஊற்றியிருந்தேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத டாட் 3, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆயிலைப்போல் அல்லாமல் ஆவி அழுந்திக்கொடுக்கும் என்பதால், கால் அழுத்துவது டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடுக்குப் போய்ச் சேராது. ஊருக்குள் ஆண்டுக்கணக்கில் இது தெரியவே தெரியாது. தடத்திலோ ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் டிஸ்க் சூடேறிக்கொண்டே போகும்.

அன்று முதல், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியும் ஈரமேறிய பின் 155-உம் தாங்கும் டாட் 4-ஐ மட்டுமே வாங்குகிறோம். முத்திரை உடைக்காத சிறிய டப்பாக்களாக வாங்கி, ஒவ்வொரு பந்தயத்துக்கு முதல் நாளும் நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றுகிறோம். மெக்கானிக் அண்ணன் சக்கரத்தருகே உட்கார்ந்து, ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடுவார். உள்ளே இருந்து நான் பெடலை மிதிக்க, தெளிந்த குழாயில் குமிழி நிற்கும்வரை "அழுத்து, விடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். டப்பாவில் மீந்ததை அன்றே அப்புறப்படுத்திவிடுகிறோம்.

பின்சக்கர டிரம் பிரேக்கின் ஷூக்கள் மட்டும் இன்னும் மாற்ற வேண்டியிருக்கின்றன. சம்பா அறுவடை முடியும்வரை லாரிகளெல்லாம் கொள்முதல் நிலையத்து வாசலிலேயே நிற்கும் என்பதால், மாசி பிறக்கும் வரை அதற்கு அவகாசம் இருக்கிறது.