கோணேசர் மலையில் நின்று திமிங்கிலம் பார்த்த மாதம்

மார்ச் பிறந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. நீலத் திமிங்கிலம் பார்க்கத் திருகோணமலைக் கடலுக்குப் போகிற பைத்தியம் பிடித்து ஐந்து வருடமாகிறது. போன சீசனில் கடைசித் தடவை கரையில் இறங்கும்போது, இன்றைக்கு எஞ்சின் எவ்வளவு குடித்தது என்று படகுக்கார நானாவிடம் சும்மா கேட்டேன்.

"முப்பது லீற்றர் முடிஞ்சிட்டு தம்பி. இண்டைக்குக் கொஞ்சம் கூட ஓடினதுதானே."

படகில் இருந்தது நானும் மச்சானும் மட்டும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டுத் தந்த காலத்தில் நான் வேலைக்குச் சைக்கிளில் போகத் தொடங்கினேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் விடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, கேட்காதவர்களிடமும் சொல்வேன். போக வர 6 கிலோமீற்றர். என் மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு நாற்பது ஓடும். அப்படியென்றால் ஒரு நாளில் நான் மிச்சம் பிடிப்பது 0.15 லீற்றர். முப்பது லீற்றர் சேர 200 வேலைநாள் மிதிக்க வேண்டும். அதைப் படகு ஒரே காலையில் குடித்து முடித்திருந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவாயு வரும். முப்பதுக்கு 69 கிலோ, என் எடையை விடக் கூட.

அதனால் இந்த வருடம் ஒரு பரீட்சை. மார்ச் முழுக்கப் படகு இல்லை. கடலோர மலையில் இருக்கிற கோணேசர் கோயிலடியில் நின்று பார்ப்பது, கண்டதைக் கொப்பியில் எழுதுவது.

இது அவ்வளவு விசர் யோசனை இல்லை. திருகோணமலையில் கரையை ஒட்டியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஓடுகிறது. மற்ற ஊர்களில் வெகுதூரம் போய்த் தேட வேண்டிய ஆழம் நமக்கு மலையடியிலேயே இருக்கிறது. திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவது அதனால்தான். உயரமும் உதவி. படகில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டும் அடிவானம் ஐந்து கிலோமீற்றர்தான். நூறு மீற்றர் உயரத்தில் நின்றால் முப்பத்தைந்து.

முதல் வாரம் படுதோல்வி. காலை ஆறரைக்குக் கோட்டை வாசல் தாண்டி, மான்களுக்கு வழிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதி. ஆனால் கிழக்கே பார்த்து நிற்கிறேன், சூரியன் நேரே முகத்தில். தண்ணீர் முழுக்கத் தகரம்போல மின்னியது. நான்கு நாள் காலையில் போய் இரண்டு கப்பலும் நிறைய மீன்பிடி வள்ளங்களும் கண்டேன். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு அம்மா, "என்ன தம்பி, ஆரும் வரப்போகினமோ?" என்று கேட்டுவிட்டு அவவும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

அப்புறம் பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றினேன். சூரியன் முதுகுப் பக்கம், கடல் கடும் நீலம். இப்போது கடற்காற்று எழும்பி வெள்ளை நுரை கிளப்பியது. ஒவ்வொரு நுரையும் திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் வெள்ளைப் புகையாகத் தெரிந்தது. கையில் பிடித்த தொலைநோக்கி நடுங்கியது. செருப்பை வெளியே கழற்றியதால் சுட்ட கல் வேறு பாதத்தைப் பதம் பார்த்தது. மூன்றாம் நாள் முழங்கையை மதிலில் ஊன்றி, ஒரே இடத்தைப் பார்க்காமல் இடமிருந்து வலமாக மெதுவாக வருடிப் பார்க்கப் பழகினேன். நுரை உடனே சிதறிவிடும். திமிங்கில மூச்சோ கொஞ்ச நேரம் அப்படியே நின்று, காற்றில் சாய்ந்து, பிறகுதான் கரையும். பிடிபட்ட பிறகு இது எனக்குக் கண் திறந்தது மாதிரி.

மார்ச் 17, பின்னேரம் 4.50. நேராக எழும்பிய வெள்ளைத் தூண். ஓங்கில் (டொல்பின்) இல்லை, எண்ணெய்த் திமிங்கிலமும் இல்லை, அதன் மூச்சு முன்பக்கம் இடது சாய்ந்து வரும். பதினைந்து இருபது விநாடிக்கு ஒன்றாக ஆறு தடவை. பிறகு நீண்ட முதுகு உருண்டு, வால் தூக்கி, இறங்கிவிட்டது. தொலைநோக்கியில் பெருவிரல் நகத்தளவு. கை உதறியது.

அதே மாலை இன்னொன்றும் பார்த்தேன். அடுத்த மூச்சு எழுந்த இடத்தை நோக்கி மூன்று படகுகள் மூன்று பக்கமிருந்து வெள்ளைக் கோடு கீறிக்கொண்டு பாய்ந்தன. கிட்டப் போவதற்குள் அது தாழ்ந்துவிட்டது. படகுகள் நின்றன, சுற்றின, பத்து நிமிடம் கழித்து வேறு பக்கம் மூச்சு எழ, மறுபடியும் பாய்ந்தன. மேலிருந்து பார்க்கச் சின்னப் பிள்ளைகள் கோழி துரத்துவதுபோல இருந்தது. போன வருடம் வரைக்கும் அந்தக் கோட்டில் ஒன்றின் நுனியில் இருந்து "அங்க, அங்க" என்று கத்தியவன் நான். முப்பது லீற்றரில் பாதி இப்படித்தான் போயிருக்கும்.

மாத முடிவில் கொப்பியைக் கூட்டிப் பார்த்தால் 14 தடவை மலை, 5 தடவை மூச்சு, இரண்டே தடவை வால். பெற்றோல் இல்லை. ஆனால் பொய் சொல்லக் கூடாது, மலையில் நின்று பார்ப்பது படகில் பார்ப்பதற்கு ஈடாகாது. திமிங்கிலம் மூச்சு விடுகிற அந்தச் சத்தம் மேலே கேட்காது.

நானாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "நல்லம் தம்பி. எல்லாரும் மலையில ஏறி நின்டா நாங்க என்ன செய்யிற?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்குச் சீசன் சில மாதம்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் மட்டும் போவதென்று முடிவெடுத்து, ஆள் சேர்த்தேன். எட்டுப் பேர். துரத்த வேண்டாம், தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம் என்று முன்பே பேசிக்கொண்டோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை, இரண்டு பேர் சத்தி எடுத்தார்கள், மச்சான் என்னைத் திட்டினான். பிறகு எங்களுக்குப் பின்னால், யாரும் பார்க்காத பக்கத்தில், லொறி ரயரில் காற்றுத் திறந்துவிட்டதுபோல ஒரு சத்தம். எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினோம்.

அன்றைய கணக்கு 24 லீற்றர். என் பங்கு மூன்று, இருபது நாள் சைக்கிள்.