முதலில் கூரை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இன்று ஒரு பெரிய வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) அந்த வீட்டில் பங்குள்ள பங்காளிகள் கூட்டம். மரபுக் கட்டடங்களைக் காக்க உழைக்கும் நாங்கள் சிலரும் போயிருந்தோம்.

பர்மா தேக்கு உத்திரத்தில் கையகலத்துக்கு நீர்க்கறை. மேலே நழுவியது ஒரே ஒரு ஓடு.

2020 ஊரடங்கில் வீட்டுக்கு வருமானம் தந்த விருந்தினர் வருகை, படப்பிடிப்பு எல்லாம் நின்றுபோனது. அதை மனதில் வைத்துத்தான் அந்த வீட்டு ஆச்சி கறாராகச் சொன்னார்:

"நல்லா வர்ற வருஷமே கூரைக்குன்னு எடுத்து வச்சிருங்க தம்பி. வெள்ளையடிக்கிறது அப்புறம்."

2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. பெருமைதான். அதனால் மட்டும் பணம் வந்துவிடாது. ஒரு வருடப் பராமரிப்புக்குக் கையிருப்பு, எது அவசரம், எது காத்திருக்கும் என்ற வரிசை, இவை ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும்.

பங்காளிகள் சம்மதம் இல்லாமல் ஓட்டில் கைவைக்க முடியாது. சிங்கப்பூரில் இருப்பவர்களிடம் பேசும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன்.