சிம்னி மட்டும் போதாது: கேஸ் அடுப்புக்குக் காற்றுவழி

சிம்னி வாங்கும் முன்பே சுவரில் ஓட்டை எங்கே என்று முடிவு செய்துவிடுங்கள். புகை போகும் குழாயின் விட்டம் 6 அங்குலம். வளைவு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இடமில்லை என்று 4 அங்குலத்துக்குக் குறுக்கினால் சத்தம்தான் கூடும், புகை போகாது. வெளிமுனைக்கு மூடி இல்லாவிட்டால் புறா குடிவந்துவிடும்!

பலரும் மறப்பது இதை: எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே இருக்கும் சிம்னியை நம்பிப் பயனில்லை. சிலிண்டர் வைக்கும் அலமாரிக் கதவில், தரையை ஒட்டி ஜாலி (காற்று போக ஓட்டைகள் உள்ள தடுப்பு) வையுங்கள். சிம்னி ஓடும்போது ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கட்டும்; உள்ளே காற்று வராமல் புகை வெளியேறாது. கேஸ் வாடை வந்தால் சிம்னி ஸ்விட்சைத் தொடவே கூடாது, பொறி போதும் தீப்பிடிக்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறங்கள்.