வெள்ளம் வடிந்த வீட்டில் பிளீச்சிங் பவுடர்

திருவாரூர், நாகை பக்கம் வாய்க்கால் தண்ணி வீட்டுக்குள் வந்து வடிஞ்சதும், சேற்றின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவதைப் பார்க்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க. சேறும் சாணியும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது.

முதலில் சேற்றை வழித்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து அலசணும். பாதி வேலை அதிலேயே முடிஞ்சிடும். பிறகு 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணிக்கு 35 கிராம் பவுடர், ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டி. கூழாகக் குழைத்துக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்க. அடியில் தங்குவது சுண்ணாம்பு. மேல்தண்ணியை மட்டும் எடுத்துத் தரையைத் துடைங்க. தரை 10 நிமிடமாவது ஈரமாக நிற்கணும், துடைச்சதும் காயவிட்டால் பலனில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்க, கையுறை போடுங்க. மிச்சத்தை நாளைக்கு வைக்காதீங்க, வீரியம் போயிடும். பிரித்த பாக்கெட்டும் நம்ம ஊர் ஈரக்காற்றில் அப்படித்தான்.

கழிவறை ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் இதோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் புண்ணாக்கும். சின்னக் குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

வினிகரும் புளியும் குழாயில் படியும் உப்புக்கறைக்கு அருமை. ஆனால் வினிகரோடு ஆப்பசோடா கலந்தால் நுரைதான் மிச்சம், ஒன்றையொன்று முறிச்சிடும். மஞ்சள் தண்ணியையும் வேப்பிலையையும் சாக்கடை கலந்த தரைக்கு நம்பாதீங்க. சாணம் தெளிக்கவே வேண்டாம், அதிலேயே கிருமி உண்டு.

கிணற்றுக்கு, வெள்ளத் தண்ணியை இறைத்த பிறகு, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். ஒரு மணி நேரம் கழித்தே எடுங்க, குடிக்கக் கொதிக்க வையுங்க.